எச்சிலுக்குள் வளர்ச்சி ஓமோன் இருக்கிறதா?

போன கிழமை வவுனியா மாவட்டத்து நெடுங்கேணிப் பக்கம் ஒரு உறவுக்கார வீட்டுக்குப் போயிருந்தேன். தங்கச்சி முறையான ஒருத்தி, ஒன்பது வயது மகனை முன்னால் நிறுத்திவிட்டு, கைபேசியில் யாரோ அனுப்பிய செய்தியை வாசித்துக் காட்டினாள். காலையில் பல் தீட்ட முதல் வாயில் ஊறும் எச்சிலைத் துப்பாமல் விழுங்கினால் பிள்ளை உயருமாம், எலும்பு உரமாகுமாம், உமிழ்நீர்ச் சுரப்பிக்குள் வளர்ச்சி ஓமோன் இருப்பதை ஜப்பான்காரர் எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்களாம். "அண்ணை, இது உண்மையோ? இவன் வகுப்பிலேயே கட்டை. பல்லையும் ஒருக்கால் பாருங்கோ" என்றாள். பெடியன் வாயைத் திறக்க மாட்டேன் என்று கொஞ்ச நேரம் நின்றான், பிறகு திறந்தான். மேல் முன்பற்கள் இரண்டிலும் சுண்ணாம்பு தொட்டு வைத்தது போல வெள்ளைத் திட்டுகள், அவற்றின் நடுவே குறுக்காக ஒரு மண்ணிறக் கோடு.

அந்த இடத்தில் ஆம் என்றோ இல்லை என்றோ ஒரு சொல்லில் சொல்லிவிட்டு வர எனக்கு மனம் வரவில்லை. ஏனென்றால் அந்தச் செய்தி முழுப்பொய் இல்லை. அதற்குள் உண்மையான ஒரு விஞ்ஞானக் கதை இருக்கிறது, அதன் பாதியைப் பிய்த்தெடுத்துத்தான் யாரோ அனுப்பியிருக்கிறார்கள். மற்றப் பாதியையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்தப் பிள்ளையின் பல்லுக்கு என்ன நடந்தது என்பதும் விளங்கும்.

முதலில் ஜப்பான்காரர் விசயம். தோமோசாபுரோ ஒகாத்தா என்று ஒருவர், 1883இல் பிறந்தவர், தோக்கியோவில் நோயியல் பேராசிரியராக இருந்தவர். எங்கள் எல்லோருக்கும் காதுக்குக் கீழே, கன்னத்தின் பின்பக்கமாக, இரண்டு பெரிய உமிழ்நீர்ச் சுரப்பிகள் இருக்கின்றன. கூகைக்கட்டு வந்தால் வீங்குவது அதுதான். வாய்க்குள் எச்சிலைவிடும் வேலையோடு, இன்சுலினை இரத்தத்துக்குள் விடும் சதையியைப் போல இந்தச் சுரப்பியும் ஏதோ ஒன்றை நேரடியாக இரத்தத்துக்குள் விடுகிறது என்பது ஒகாத்தாவின் எண்ணம். பல், எலும்பு, குருத்தெலும்பு மாதிரியான திசுக்கள் வளர்வதும் முதுமையில் தேய்வதும் அதன் கையில்தான் இருக்கிறது என்று அவர் நம்பினார். 1944இல், யுத்தம் நடந்துகொண்டிருந்த காலத்திலேயே, அவருடைய குழுவினர் மாட்டின் காதடிச் சுரப்பியிலிருந்து ஒரு புரதத்தைப் பிரித்தெடுத்ததாக எழுதினார்கள். அதற்குப் பரோட்டின் என்று பெயர் வைத்தார்கள். முயலுக்கு ஊசியால் ஏற்றினால் இரத்தத்தில் கல்சியம் இறங்குகிறது, எலியின் முன்பல்லில் சுண்ணாம்புப் படிவு கூடுகிறது என்றெல்லாம் காட்டினார்கள். ஜப்பானில் அது மருந்தாகவே விற்பனைக்கு வந்தது. 1957இல் ஒகாத்தாவுக்கு அந்த நாட்டின் பண்பாட்டு விருதும் கிடைத்தது. ஆள் சாதாரண ஆள் இல்லை.

அப்படியென்றால் ஏன் எங்கள் பள்ளிக்கூடப் புத்தகத்தில் பரோட்டின் இல்லை? ஒரு பொருளை ஓமோன் என்று ஒப்புக்கொள்ளச் சில சோதனைகள் இருக்கின்றன. சுரப்பியை எடுத்துவிட்டால் குறை தெரிய வேண்டும், அந்தப் பொருளைத் திருப்பிக் கொடுத்தால் குறை நீங்க வேண்டும். அது இரத்தத்தில் ஓடுவதைக் காட்ட வேண்டும், அதை வாங்கிக்கொள்ளும் ஏற்பி எந்தக் கலத்தில் இருக்கிறது என்றும் சொல்ல வேண்டும். தைரொயிட்டும் இன்சுலினும் இவையெல்லாவற்றையும் தாண்டி வந்தவை. பரோட்டின் தாண்டவில்லை. காதடிச் சுரப்பி கெட்டுப்போனவர்கள் கட்டையாகிப் போனதாகவோ எலும்பு உருகிப் போனதாகவோ மருத்துவம் கண்டதில்லை. இரத்தத்தில் கல்சியம் இறங்குவதையும் எலும்பு கட்டப்படுவதையும் ஒன்றாக எடுத்துக்கொள்ள முடியாது. அதோடு அது ஒரேயொரு தூய பொருள் என்பதைவிட, சுரப்பியிலிருந்து எடுத்த ஒரு சாறு என்று சொல்வதே பொருத்தம். அதற்குள் எது எந்த வேலையைச் செய்தது என்று யாரும் தெளிவாகப் பிரித்துக் காட்டவில்லை.

சரி, ஒகாத்தா முழுக்கப் பிழையா என்று கேட்டால், அங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி வருகிறது. அதற்குள் ஒரு பாம்பு இருக்கிறது.

1950களில் அமெரிக்காவின் சென் லூயிஸ் நகரில், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில், ரீட்டா லெவி-மொந்தால்சினி என்ற இத்தாலியப் பெண்மணியும் ஸ்டான்லி கோஹன் என்ற உயிர்இரசாயனவியலாளரும் நரம்பு நார்களை வளரச் செய்யும் ஒரு பொருளைத் தேடிக்கொண்டிருந்தார்கள். அது புரதமா, மரபுச் செய்தியைத் தாங்கும் நியூக்கிளிக் அமிலமா என்று பார்ப்பதற்காகப் பாம்பு விசத்தைக் கொஞ்சம் கலந்தார்கள். விசத்தில் உள்ள நொதியம் நியூக்கிளிக் அமிலத்தை வெட்டிவிடும் என்பதுதான் அவர்களின் கணக்கு. நடந்தது வேறு. நரம்பு முன்னையைவிடப் பன்மடங்கு வளர்ந்தது. அவர்கள் தேடிய பொருள் விசத்துக்குள்ளேயே நிறைய இருந்திருக்கிறது! கோஹன் அதோடு நிற்கவில்லை. பாம்பின் விசப்பை என்பது என்ன? உருமாறிய உமிழ்நீர்ச் சுரப்பிதானே. அப்படியானால் பாலூட்டிகளின் உமிழ்நீர்ச் சுரப்பியிலும் பார்க்கலாமே என்று சுண்டெலியின் கீழ்த்தாடைச் சுரப்பியை எடுத்துச் சாறு பிழிந்தார். அதிலும் இருந்தது, அதுவும் ஏராளமாக, ஆண் எலியில் பெண் எலியைவிட அதிகமாக. புடையன் கடித்து ஆளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுவதைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு, அதே பாம்பு வாயின் நீரிலிருந்து வளர்ச்சி பற்றிய ஒரு பெரிய அறிவு பிறந்தது என்பதை ஏற்கக் கொஞ்சம் நேரம் எடுக்கும். எனக்கு எடுத்தது.

அந்தச் சாற்றைப் பிறந்த எலிக்குஞ்சுகளுக்கு ஊசியால் ஏற்றியபோது கோஹன் இன்னொன்றைக் கண்டார். எலிக்குஞ்சு கண் திறக்க வழமையாகப் பன்னிரண்டு, பதினான்கு நாள் ஆகும். இவை ஏழாம் நாளளவில் திறந்துவிட்டன. முன்பல்லும் சில நாட்கள் முந்தியே முளைத்துவிட்டது. நரம்பு வளர்ச்சிப் பொருளால் இது நடக்க நியாயமில்லை, சாற்றுக்குள் வேறொன்று இருக்க வேண்டும் என்று அதைத் தேடிப் பிரித்தெடுத்து 1962இல் வெளியிட்டார். 53 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு சிறிய புரதம். பிற்பாடு அதற்கு மேற்றோல் வளர்ச்சிக் காரணி என்று பெயர் வந்தது, சுருக்கமாக ஈ.ஜி.எஃப். இருவருக்கும் 1986இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

ஆக, உமிழ்நீர்ச் சுரப்பிக்குள் வளர்ச்சிக்குரிய பொருள் இருக்கிறது என்பது உண்மை. அது பல் முளைக்கும் நேரத்தையே மாற்றியது என்பதும் உண்மை. செய்தியை எழுதியவர் இந்த இடத்தோடு நின்றுவிட்டார்.

அடுத்த பக்கத்தைப் பாருங்கள். ஊசி ஏற்றிய அந்த எலிக்குஞ்சுகள் கண்ணை முந்தித் திறந்தன, ஆனால் உடம்பால் சிறுத்தே இருந்தன. பின்னாளில், இந்த ஈ.ஜி.எஃப். பிறப்பிலிருந்தே மிதமிஞ்சிச் சுரக்கும்படி மரபணு மாற்றிய எலிகளை உருவாக்கிப் பார்த்தார்கள். அவையும் வளர்ச்சி குன்றித்தான் போயின. அவுஸ்திரேலியாவில் செம்மறியாட்டுக்கு இதே பொருளை ஊசியாகப் போட்டுப் பார்த்தார்கள். உரோமம் வளர்வது சில நாளைக்கு நின்றுவிடும், அந்த இடம் மெலிந்து, கத்தரிக்கோல் இல்லாமலேயே முழு உரோமமும் கழன்று வந்துவிடும். வளர்ச்சிக் காரணி என்று பெயர் இருந்தாலும் எல்லாவற்றையும் வளர்க்கிற சாமான் இல்லை அது. தோல், குடலின் உட்தோல், கண்ணின் மேற்படலம் போன்ற இடங்களில் கலங்களைப் பெருகச் செய்யும். எலும்பின் நீளத்துக்கு அது பொறுப்பில்லை, அளவு மிஞ்சினால் இடைஞ்சல்.

இன்னொரு சாதாரணக் கேள்வியும் இருக்கிறது. புரத ஓமோனை விழுங்கினால் வேலை செய்யுமா? ஊரில் எத்தனை பேர் இன்சுலின் போடுகிறார்கள், ஒருவராவது குளிசையாக விழுங்குகிறார்களா? இன்சுலின் ஒரு புரதம், வயிற்றுக்குள் போனால் இறைச்சித் துண்டு செமிப்பது போலச் செமித்துப் போய்விடும், அதனால்தான் ஊசி. எச்சிலில் உள்ள புரதங்களுக்கும் பெரும்பாலும் அதே கதிதான். அதோடு, நாங்கள் ஒவ்வொருவரும் நாளொன்றுக்கு அரை லீட்டரிலிருந்து ஒன்றரை லீட்டர் வரை எச்சில் சுரக்கிறோம், அதில் மிகப் பெரும்பங்கை நித்திரையிலும் விழிப்பிலும் நினைக்காமலே விழுங்கிக்கொண்டுதான் இருக்கிறோம். அந்தப் பெடியன் பிறந்த நாளிலிருந்து விழுங்குகிறான். காலையில் இன்னொரு வாய் கூட விழுங்கி என்ன மாறப் போகிறது?

அப்படியென்றால் அந்தப் பொருள் எச்சிலுக்குள் எதற்கு? பட்டியில் பசு கன்று போடுவதை விடியப்புறம் கிட்ட நின்று பார்த்தவர்களுக்கு இதற்குப் பாதி விடை தெரியும். கன்று விழுந்ததும் தாய் திரும்பி முகத்திலிருந்து நக்கத் தொடங்கும், மூக்கு, காது, வயிறு, கொப்பூழ்க்கொடி அறுந்த இடம் என்று ஒன்றும் மிச்சம் விடாது. கன்று நடுங்கி நடுங்கி எழும்பும், அந்த நாக்கு அதைத் தள்ளி விழுத்தும், திரும்பவும் எழும்பும். நக்குவதில் பாதி துடைத்துக் காயவைக்கிற வேலை. ஆனால் விலங்குகள் காயத்தை நக்குவதிலும் காரணம் இருக்கிறது என்பதை எலிகளில் காட்டியிருக்கிறார்கள்: கீழ்த்தாடைச் சுரப்பியை எடுத்துவிட்ட எலிகளில் தோல் காயம் ஆறப் பிந்துகிறது. விழுங்கிய எச்சில் இரைப்பையின் உட்தோலையும் பாதுகாக்கிறது, சுரப்பி இல்லாத எலிகளில் வயிற்றுப்புண் சுணங்கியே ஆறியது. தாயின் சீம்பாலில் ஈ.ஜி.எஃப். நிறைய இருப்பதும் பிறந்த பிள்ளையின் குடலுக்காகத்தான். மனிதரின் எச்சிலில் அது சுண்டெலியில் உள்ளதைவிட மிக மிகக் குறைவு. இதை வாசித்துவிட்டு யாரும் நாயைக் காயத்தில் நக்க விடாதீர்கள். விசர்நாய்க்கடி வைரசு நாயின் எச்சிலில்தான் வருகிறது, திறந்த காயத்தில் அது பட்டாலே கடித்ததற்குச் சமம், உடனே சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

பல்லுக்கு எச்சில் செய்யும் உதவிதான் உண்மையில் பெரியது, அதற்கு எந்த ஓமோனும் தேவையில்லை. எச்சிலில் கல்சியமும் பொசுபேற்றும் கரைந்து நிரம்பி வழிகிற அளவில் இருக்கின்றன. சாதாரணத் தண்ணீரில் இந்த அளவில் இருந்தால் கல்லாகப் படிந்துவிடும். ஸ்டதெரின் என்ற ஒரு சிறு புரதம் அதைப் படியவிடாமல் பிடித்து வைத்திருக்கிறது. நாங்கள் இனிப்புத் தேத்தண்ணி குடித்த பிறகு வாயில் உள்ள கிருமிகள் அமிலம் விடும், பல்லின் மேற்படையான மிளிரியிலிருந்து கொஞ்சம் கல்சியம் கழன்று போகும். எச்சில் வந்து அந்த அமிலத்தை அடக்கி, கழன்ற இடத்தைத் திரும்ப நிரப்பும். இது ஒரு நாளில் எத்தனையோ தடவை நடக்கிறது. புதிதாக முளைத்த பல்லின் மேற்பரப்பு முற்றிப் பலமாவதும் முளைத்த பிறகு எச்சிலில் ஊறித்தான். இதன் அருமை எச்சில் இல்லாமல் போனவர்களுக்குத் தெரியும். வெற்றிலை, புகையிலை போட்டு வாயில் புற்றுநோய் வந்து, தெல்லிப்பழைக்கோ மகரகமவுக்கோ போய்க் கதிர் பிடித்துவிட்டு வந்தவர்கள் எங்கள் ஊர்களில் இருக்கிறார்கள். கதிர் பட்டுச் சுரப்பி கருகிவிட்டால் வாய் காய்ந்து, சோற்றை விழுங்கவே தண்ணீர் வேண்டும். நல்ல பல்லெல்லாம் கழுத்துப் பக்கத்தால் அரிபட்டு, கொஞ்சக் காலத்திலேயே ஒடிந்து போகும்.

பல்லுக்கு உள்ளேயும் ஒரு திரவ ஓட்டம் இருக்கிறது, அதைக் காதடிச் சுரப்பியின் ஒரு ஓமோன் ஆள்கிறது, சீனி அதிகம் தின்றால் ஓட்டம் தலைகீழாகிறது என்று கலிபோர்னியாவின் லோமா லிண்டாவில் ஸ்டைன்மன், லியோனோரா என்ற இருவர் 1968இலிருந்து எழுதிவந்தார்கள். ஒகாத்தாவின் எண்ணம் வேறு வடிவத்தில் தொடர்ந்த இடம் அது. பல் மருத்துவ உலகம் அதைப் பரவலாக ஏற்கவில்லை, எனக்கென்னவோ அது இன்னும் நிதானமாகச் சோதிக்கப்பட வேண்டிய எண்ணம் என்றுதான் படுகிறது.

இனி அந்தப் பெடியனின் பல். அந்தக் கோடும் திட்டும் எச்சில் குறைந்து வந்தவையல்ல, பல் தீட்டாமல் வந்த ஊத்தையும் அல்ல. பள்ளிக்கூடத்தில் அவனை ஊத்தைப்பல்லன் என்று சொல்லியிருக்கிறார்கள், அதனால்தான் அவன் வாயைத் திறக்கவில்லை. எனக்கு அது மிகவும் வலித்தது, ஏனென்றால் அவன் இரண்டு வேளையும் தீட்டுகிற பிள்ளை. பார்த்தவுடன் நினைவுக்கு வருவது தண்ணீரில் உள்ள புளோரைட்டு. வன்னியின் பெரும்பகுதி பளிங்குருவான பழைய உருமாறிய பாறைக்கு மேல் இருக்கிறது, புவியியலாளர்கள் அந்தப் பாறைக்கே வன்னித் தொகுதி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அதில் உள்ள கனிமங்களிலிருந்து புளோரைட்டு மெல்ல மெல்ல நிலத்தடி நீருக்குள் கரைகிறது. மழை குறைந்த, வெயில் கூடிய பகுதி என்பதால் அது கழுவுப்பட்டும் போகாது. வவுனியா மாவட்டக் கிணறுகளில் இது அதிகம் என்பது பல ஆய்வுகளில் வந்த விசயம். ஆழக் குழாய்க்கிணற்று நீர் பாறையோடு கிடக்கும் காலம் அதிகம், அதனால் பெரும்பாலும் மேல்மட்டக் கிணற்றைவிட அதில்தான் கூட இருக்கும்.

கொஞ்சப் புளோரைட்டு பல்லுக்கு நல்லது, பற்பசையில் போடுவது அதற்காகத்தான். அது எச்சிலில் கலந்து மிளிரியைப் பலப்படுத்தும். மிஞ்சினால்தான் கேடு. உலகச் சுகாதார நிறுவனம் ஒரு லீட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்று எல்லை வைத்திருக்கிறது, இலங்கைத் தர நிர்ணயம் அதையும் இறக்கி 1 மில்லிகிராம் என்கிறது, வெயில் நாட்டில் ஆட்கள் தண்ணீர் அதிகம் குடிப்பார்கள் அல்லவா. பல் தாடைக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் காலத்தில் எல்லை தாண்டிய தண்ணீரைக் குடித்தால் மிளிரியைக் கட்டும் கலங்களின் வேலை குழம்பும். நுண்துளை விழுந்த மிளிரியோடு பல் முளைக்கும், அந்தத் துளைகளில் பிறகு சாயம் ஏறி மண்ணிறமாகும். மேல் முன்பல்லின் மிளிரி கட்டப்படுவது பிறந்ததிலிருந்து நாலைந்து வயதுக்குள். பல் முளைத்த பிறகு எச்சில் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அந்தப் பழைய குழப்பத்தை மாற்ற முடியாது. பல் மருத்துவர் மேலால் மெருகிட்டோ பூசியோ நிறத்தைச் சரிசெய்யலாம், அவ்வளவுதான். பெரிய அளவில், பல வருடம் உடம்பில் சேர்ந்தால் எலும்பும் மூட்டும் இறுகும்.

ஒரு விசயத்தை எத்தனை தடவை சொன்னாலும் காணாது: கொதிக்க வைத்தால் புளோரைட்டு போகாது. தண்ணீர் ஆவியாக ஆக, மிச்சத் தண்ணீரில் அது இன்னும் செறிந்துதான் நிற்கும். மெழுகுதிரி வடிவக் களிமண் குழாய் வைத்த வீட்டு நீர்வடியும் அதைப் பிடிக்காது. கொதித்தாறிய நீரைக் கொடுப்பது கிருமிக்கு நல்லது, பல்லுக்கு அல்ல. நுண்சவ்வினூடாக அழுத்தி வடிக்கும் ஆர்.ஓ. இயந்திரத் தண்ணீர், கூரையிலிருந்து சுத்தமாகப் பிடித்த மழைநீர், அளந்து பார்த்துக் குறைவென்று தெரிந்த வேறு கிணறு, குழாய் வந்திருக்கும் இடமானால் குழாய்நீர், இவைதான் வழி. அளப்பதற்கு நீர் வழங்கல் சபையின் ஆய்வுகூடம் இருக்கிறது, எங்கே எப்படிக் கொடுப்பது என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டால் வழி சொல்லுவார்.

உயரத்தைப் பொறுத்தவரை, நீண்ட எலும்புகளின் நுனிக்குக் கிட்ட உள்ள குருத்தெலும்புத் தட்டில்தான் பிள்ளை உயர்கிறது. அதை நடத்துவது மூளைக்குக் கீழே உள்ள கபச்சுரப்பியின் வளர்ச்சி ஓமோன், அதன் சொல்லைக் கேட்டு ஈரல் விடும் இன்னொரு காரணி, தைரொயிட், பருவம் வரும்போது பாலியல் ஓமோன்கள். இவற்றுக்கு மேல் சாப்பாடு, நித்திரை, அடிக்கடி வரும் நோய், தாய் தகப்பனின் உயரம். ஒரு நாள் அளந்து கட்டை என்று சொல்வதில் பொருளில்லை, வருடத்துக்கு எவ்வளவு கூடுகிறது என்பதுதான் கணக்கு. தங்கச்சியிடம் பெடியனின் கிளினிக் புத்தகத்தை எடுத்துவரச் சொன்னேன். ஐந்து வயது வரை மருத்துவ மாது போட்ட புள்ளிகள் கீழ்ப்பக்கமாக, ஆனால் ஒரே கோட்டோடு ஏறிக்கொண்டுதான் போயிருந்தன. தகப்பனும் உயரமான ஆளில்லை. அதன் பிறகு யாரும் அளக்கவில்லை. கதவு நிலையில் பென்சிலால் ஒரு கோடு போட்டுத் திகதி எழுதினோம். ஆறு மாதத்தில் அடுத்த கோடு, இரண்டையும் கொண்டுபோய் டாக்குத்தரிடம் காட்டச் சொல்லியிருக்கிறேன்.

எழும்பி வரப் பார்த்தபோதுதான் குசினிப் பக்கம் கண் போனது. அவளுடைய கடைக்குட்டிக்குப் பதினொரு மாதம், முரசில் இரண்டு பால்பல் வெளியே வந்து வீணீர் வடிந்து சட்டையின் முன்பக்கம் நனைந்து கிடந்தது. அதன் நிரந்தர முன்பற்கள் இப்போதுதான் தாடைக்குள் கட்டப்படுகின்றன. அடுப்பில் கேத்திலில் கொதித்துக்கொண்டிருந்த தண்ணீர் முற்றத்துக் குழாய்க்கிணற்றில் அடித்தது, அதில்தான் பிள்ளைக்குப் பால்மா கரைக்கிறார்கள். கேத்திலை இறக்கி வைக்கச் சொன்னேன். சந்தியில் ஆர்.ஓ. தண்ணீர் விற்கும் இடம் ஐந்து மணிக்குப் பூட்டிவிடுவார்கள் என்று பெடியன் சொன்னான், ஐந்து லீட்டர்க் கானை சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு அவனே போனான்.